அளவையும் உருவும்

தமிழிலே அளவை என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. நாழியும் மரக்காலும் முழமும் கோலுங் கொண்டு பொருள்களை அளந்தறிதல் ஒன்று. ஒன்றனை உண்மையெனத் துணிவதற்குரிய வழி மற்றொன்று. தருக்க நூலார் இரண்டாவது பொருளிலேயே இச்சொல்லை ஆள்வர். காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென்பது சைவசித்தாந்த நூல்களிற் பயின்றோர் அறிந்ததே. கண்ணாற் கண்டறிவது காட்சி. கண்டது கொண்டு காணாததைத் துணிவது கருதல். அறிந்தோர் கூறக் கேட்டுக் கொள்வது உரை. முழக்கோலையும் மெய்யறிவையும் ஒரே சொல்லாற் குறித்த முன்னோர், அளத்தல் வேறு அறிதல் வேறு எனப் பிரித்து எண்ணினார் அல்லர் போலும். இவ்வுண்மையை மீண்டும் நினைவூட்டுகின்ற தொழினுட்பம் ஒன்று இன்று உலகெங்கும் பரவி வருகின்றது. பருப்பொருள்களை ஒளியால் வருடி, அவற்றின் வடிவத்தைக் கணனியிலே முப்பரிமாண உருவாகப் பதிந்து வைக்கும் கலையே அது.

இக்கலை இன்று ஆய்வுகூடத்தின் எல்லையைக் கடந்துவிட்டது. பல்வைத்தியர் நோயாளியின் பல்வரிசையை அச்சுக்களிமண் இன்றியே இதனால் அளக்கின்றார். பொறியியலாளர், வரைபடம் கிடைக்காத பழைய இயந்திரத்தின் தேய்ந்த உறுப்பொன்றை வருடிப் புதிதாக வார்க்கின்றார். தொல்லியலாளர் அகழ்வுக் குழியின் ஒவ்வொரு படையையும் அகற்றுமுன் அவ்வாறே பதிந்துகொள்கின்றார். ஆயினும் இக்கருவிகள் செய்வது யாதென வினவின், விடை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. கணனி சிலையை அறியாது, கோபுரத்தை அறியாது, எண்களை மட்டுமே அறியும். பொருளின் மேற்பரப்பிலுள்ள ஒரு புள்ளி, குறித்த ஓரிடத்திலிருந்து எவ்வளவு வலப்புறம், எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்னும் மூன்று எண்கள். அத்தகைய புள்ளிகள் இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில். அவ்வளவே. இப்புள்ளித் திரளைப் பெறுவது எங்ஙனம், அதிலிருந்து உருவை அமைப்பது எங்ஙனம், அமைந்த உருவை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் மூன்று வினாக்களுள் இக்கலை முழுவதும் அடங்கும்.

இதன் வரலாறு உயிராபத்து ஒன்றிலே தொடங்குகின்றது. 1858 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரத்துப் பேராலயத்தை அளந்து வரையும் பணி அல்பிரெக்ட் மெய்டன்பவர் என்னும் இளங் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. சாரங் கட்டுஞ் செலவை மிச்சப்படுத்த எண்ணிய அவர், கயிற்றிலே தொங்கிய கூடை ஒன்றில் அமர்ந்து சுவரை அளந்து வந்தார். ஒருநாள் கூடையிலிருந்து கோபுரத்துச் சாளரம் ஒன்றினுட் கால்வைத்த வேளையில் கூடை பின்னே விலகிற்று. ஒரு கையாற் சாளர வளைவைப் பற்றிக்கொண்டு, காலாற் கூடையை உதைத்துத் தள்ளிய வேகத்திலே உடல் சாளரத்தினுள் வீழ, அவர் உயிர் தப்பினார். கீழே இறங்கி வருகையில் அவர் உள்ளத்தில் எழுந்த வினாவே ஒரு துறையின் வித்தாயிற்று. கட்டடத்தை ஒருவன் உயிரைப் பணயம் வைத்து ஏறி அளப்பானேன்? கட்டடத்தின் ஒளிப்படம் அதனளவில் ஓர் அளவுப் பதிவு அன்றோ? கட்டடத்திலிருந்து படத்துக்கு ஒளி வந்த வழியே பின்னோக்கிச் சென்றால், படத்திலிருந்து கட்டடத்தின் அளவுகளைப் பெறல் கூடாதோ?

கூடும் என்பதை அவர் பின்னர் நிறுவினார். ஒளிப்பட அளவையியல் எனத் தமிழிற் கூறத்தக்க அத்துறைக்கு 1867 இல் அவரது முறையை விளக்கிய கட்டுரையொன்றிலேயே பெயர் வழங்கப்பட்டது. 1885 இல் பேர்லினிலே பிரஷ்ய அரசின் ஆதரவில் அளவுப்பட நிறுவனம் ஒன்று அவர் தலைமையில் அமைந்தது. கட்டடங்கள் அழியுமுன் அவற்றைக் கண்ணாடித் தகடுகளிற் பதிந்து வைப்பதே அதன் நோக்கம். தேவாலயங்கள், மாளிகைகள், நகர வாயில்கள் ஆயிரக்கணக்கான படங்களாகத் திரட்டப்பட்டன. இரண்டாம் உலகப் போரிற் சிதைந்த கட்டடங்கள் சிலவற்றைத் திருத்தியமைத்த வேளையில் அத்தகடுகள் பயன்பட்டன. படம் எடுத்த நாளில் அக்கட்டடங்கள் யாவும் உறுதியாகவே நின்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஒரு படம் தனித்து நின்று ஆழத்தைக் கூறமாட்டாது. அருகிலுள்ள சிறு கல்லும் தொலைவிலுள்ள பெரும் பாறையும் படத்தில் ஒரே அளவினவாகத் தோன்றலாம். அப்புள்ளியையே வேறோர் இடத்திலிருந்தும் நோக்கினால் ஐயம் நீங்கும். இரண்டு நோக்குமிடங்களுக்கும் இடைப்பட்ட தூரம் முக்கோணமொன்றின் அடி; இரு நோக்குத் திசைகளும் அதன் இரு பக்கங்கள்; பக்கங்கள் சந்திக்கும் உச்சியே அளக்க வேண்டிய புள்ளி. அடியும் இரு கோணங்களும் தெரிந்தால் உச்சியின் இடம் தெரியும் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த கேத்திரகணிதம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயல்வோர் இக்கணிதத்தின் அருமையை உடனே உணர்வர்.

இதே முக்கோணத்தைக் கொண்டுதான் 1802 இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடிட்டு இந்திய நிலப்பரப்பை அளக்கத் தொடங்கினார். அரைத் தொன் எடையுடைய அவரது பெருங்கோணமானி, 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின்மேல் ஏற்றப்பட்டபோது கயிறு பிழைத்துச் சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் வாரக்கணக்கில் முயன்று அதனைத் தம் கையாலேயே சீர்செய்து அளவையைத் தொடர்ந்தார். தஞ்சைக் கோபுரத்தை உயரமான ஒரு நோக்குமிடமாக மட்டுமே அன்றைய அளவையாளர் பயன்படுத்தினர். கோபுரத்தையே அளக்கப்படும் பொருளாகக் கொள்வதும், மைல்களை அளந்த முக்கோணத்தை விரற்கடைக்குட் சுருக்குவதுமே பின்வந்தோர் செய்த மாற்றம்.

அச்சுருக்கம் லேசர்க் கதிரினாற் கைகூடிற்று. இருண்ட அறையிலே கதவின் இடுக்கு வழியே புகும் வெயிற்கீற்று, சமதரையில் நேர்கோடாக விழும்; இடையே நெல்மூடையொன்று கிடந்தால் அதன்மேல் ஏறி வளைந்து இறங்கும். அவ்வளைவைப் பக்கத்திலிருந்து நோக்குபவன் மூடையின் வடிவத்தை அறியலாம். முக்கோண முறையில் இயங்கும் லேசர் வருடி செய்வதும் இதுவே. மெல்லிய ஒளிக்கோடு ஒன்றைப் பொருளின்மீது வீழ்த்தி, சற்று விலகியுள்ள கமரா ஒன்றினால் அக்கோட்டின் வளைவை நோக்கி, ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் கணிக்கின்றது. கோடு பொருளின்மீது மெல்ல நகர, வடிவம் கீற்றுக் கீற்றாகத் திரள்கின்றது. ஒரு கோட்டுக்குப் பதிலாகப் பல வரிகள் கொண்ட ஒளிக்கோலத்தை ஒருங்கே வீழ்த்தும் கருவிகளும் உள. எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. முக்கோணத்தின் அடி மாறாதிருக்கப் பொருள் விலகிச் செல்லின் உச்சிக்கோணம் ஒடுங்கும். தூரம் இரு மடங்கானால் ஆழத்திலுள்ள பிழை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆதலின் கைக்கெட்டிய சிலைக்கு இம்முறை ஏற்றது, கோபுரத்துக்கு ஏலாது.

கோபுரத்துக்கு வேறு வழி உண்டு. மலைமுகட்டை நோக்கிக் கூவி, எதிரொலி வருவதற்குச் சென்ற நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பது போன்றது அது. ஒலிக்குப் பதிலாக ஒளித்துடிப்பு அனுப்பப்படும். ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், போய்வரும் நேரம் செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கானால் பொருள் 15 சென்ரிமீற்றர் தொலைவில் உள்ளது எனப்படும். ஒரு மில்லிமீற்றர் வேறுபாட்டை அறிய வேண்டுமாயின் செக்கனின் இலட்சங் கோடியில் ஏழு பங்களவான நேரத்தைப் பிரித்தறிதல் வேண்டும். முக்காலியின்மீது சுழலும் கருவி இதனை ஒவ்வொரு செக்கனிலும் பல்லாயிரம் முறை செய்து, தன்னைச் சூழ்ந்த மண்டபத்தையோ தெருவையோ புள்ளிகளாகப் பதிந்துவிடுகின்றது.

மூன்றாவது வழி, மெய்டன்பவரின் வழியே. இன்று கையிலுள்ள தொலைபேசியின் கமராவே அதற்குப் போதும். பொருளைச் சுற்றி வந்து பல படங்கள் எடுக்கப்படும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரு பங்குக்குக் குறையாது ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் குறைந்தது இரு படங்களிலும், இயலுமாயின் மூன்று நான்கிலும், காணப்படல் வேண்டும். கணனி, ஒரு படத்திலுள்ள கீறல், மறு, நிறவேறுபாடு ஆகியவற்றை ஏனைய படங்களில் தேடிப் பொருத்தி, கமரா நின்ற இடங்களையும் புள்ளிகளின் இடங்களையும் ஒருங்கே கணிக்கும். இம்முறையிற் புதிதாகப் பயில்வோர் இழைக்கும் பிழைகள் பெரும்பாலும் ஒரே தன்மையன. நின்ற இடத்திலிருந்து கமராவை மட்டும் திருப்பினால் முக்கோணத்துக்கு அடி அமையாது. நோக்குமிடமே நகர வேண்டும். கடும் வெயிலில் விழும் நிழல், பொருளின் உறுப்பென மயங்கப்படும். மப்பு மூடிய பகலே உகந்தது. யாதொரு குறியுமற்ற வெள்ளைச் சுவரிற் கணனிக்குப் பற்றுக்கோடு கிடையாது. எல்லாவற்றிலும் மேலாக, படத்திலே அளவுகோல் ஒன்று இடம்பெறாவிடின் உரு அமையும், பருமன் அமையாது. யானை பூனையளவிலும் பூனை யானையளவிலும் அதே அழகோடு கணனித் திரையில் நிற்கும். ஓர் அடிமட்டத்தைப் பொருளின் அருகே வைப்பதற்குச் சோம்பியதால் பயனற்றுப் போகும் உழைப்பு மிகப் பெரிது.

இம்மூன்று வழிகளும் காட்சியளவையின்பாற் படுவன. காட்சிக்குள்ள குறைகளும் அவற்றுக்கு உண்டு. துலக்கிய பித்தளைக் குத்துவிளக்கு, தன்மேல் விழுந்த ஒளியை வேறெங்கோ தெறித்துவிடும்; கருவி இல்லாத புள்ளிகளைக் காணும். கண்ணாடிக் குவளையை ஒளி ஊடுருவும். கறுப்புப் பட்டு ஒளியை விழுங்கிவிடும். தலைமயிர் புள்ளிகளாகச் சிதறும். சலவைக்கல்லும் முற்றும் நம்பத்தக்கதன்று. ஒளி அதன் தோலினுட் சற்றே புகுந்து பரவி மீள்வதால், அளந்த மேற்பரப்பு உண்மைப் பரப்பினின்றும் மிகச் சிறிது விலகும். மின்னும் பொருள்களின்மீது வெண்பொடி தூவி அளப்பர். பழம்பொருளின்மீது அவ்வாறு செய்தல் தகாது. இன்னொரு குறை எல்லார்க்கும் பொது. கண்ணுக்குத் தெரியாதது கருவிக்கும் தெரியாது. மடித்த கையின் உட்புறம், செவியின் குடைவு, ஆடைமடிப்பின் ஆழம், பீடத்தின் அடிப்பக்கம் ஆகியவை எத்திசையினின்று நோக்கினும் முற்றாக வெளிப்படா.

ஒரே நோக்கில் ஒரு பொருள் முழுவதையும் வருடல் இயலாது. முன்புறம் ஒரு துண்டு, பின்புறம் ஒரு துண்டு எனப் பல துண்டுகள் கிடைக்கும். அவை ஒவ்வொன்றும் தன் தன் கணக்கில் நிற்பன. அவற்றை ஒரே கணக்கிற் பொருத்துதல் அடுத்த பணி. பெரும்பான்மையோர் இன்றும் கையாளும் முறையை 1992 இல் போல் பெசல், நீல் மக்கே என்போர் வெளியிட்டனர். ஒரு துண்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் அண்மையிலுள்ள புள்ளியைத் தேடு, அத்தூரங்கள் குறையுமாறு துண்டைச் சற்றே நகர்த்து, மீண்டும் தேடு, மீண்டும் நகர்த்து. உடைந்த பானையோடுகளை விளிம்போடு விளிம்பு வைத்து, அசைத்து அசைத்துப் பொருத்தும் கைவினைஞனின் பொறுமையே இங்கு கணிதமாயிற்று. ஆயினும் தொடக்கத்தில் துண்டுகள் ஏறத்தாழச் சரியான நிலையில் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இன்றேல் கணனி தவறான பொருத்தத்திலே திருப்தியுற்று நின்றுவிடும். பத்துத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திச் சிலையைச் சுற்றி வருவோர்க்கு வேறோர் இடர். ஒவ்வொரு பொருத்தத்திலும் மயிரிழையளவு பிழை நேரினும், சுற்று முடிகையில் முதல் துண்டும் இறுதித் துண்டும் கூடாது விலகி நிற்கும். அப்பிழையைச் சுற்று முழுவதும் பகிர்ந்தளித்தே தீர்த்தல் வேண்டும்.

பொருந்திய புள்ளிகளை அடுத்து மும்மூன்றாக இணைத்துச் சிறு முக்கோணங்களாலான வலை ஒன்று பின்னப்படும். இவ்வலையே உருவின் தோல். கருவி காணாத இடங்களில் வலை பொத்தலாக இருக்கும். அப்பொத்தல்களை அடைக்கும் வசதி இன்றைய கணனி நிரல்கள் பலவற்றிலும் உண்டு. சூழவுள்ள வளைவைக் கொண்டு இடைவெளியிலும் அவ்வளைவே தொடரும் எனத் துணிந்து கணனி அதனை மூடிவிடும். இது கருதலளவை. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டெனத் துணிவது பெரும்பாலும் சரியே. எனினும் கண்டது புகை, நெருப்பன்று என்பதை மறத்தலாகாது. அடைத்த பொத்தல் கணனித் திரையில் அளந்த பரப்பைப் போன்றே வழவழப்பாகத் தோன்றும். எது கண்டது, எது கருதியது என்பதைப் பார்ப்போர் பிரித்தறியார். ஆதலின் நேர்மையுள்ள அளவையாளர் அடைத்த இடங்களுக்கு வேறு நிறந் தீட்டி வைப்பர். அளந்த மூலப் புள்ளிகளையும் அழியாது பேணுவர். இத்துறையின் அறம் முழுவதும் இச்சிறு வழக்கத்தில் அடங்கிவிடும் எனலாம்.

உரையளவைக்கும் இக்கலையில் ஒரு பாடம் உண்டு. 1998 ஆம், 1999 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் லெவோய் தலைமையில் ஆசிரியரும் மாணவருமாக ஏறத்தாழ முப்பதுபேர் இத்தாலிக்குச் சென்று, மைக்கலாஞ்சலோவின் சிற்பங்களை வருடினர். புளோரன்ஸ் நகரத்து அக்கடேமியாக் கலைக்கூடத்தில் நிற்கும் தாவீதின் சிலை அவற்றுள் தலையாயது; 1501 தொடக்கம் 1504 வரை செதுக்கப்பட்டது. அச்சிலைக்கென ஓர் உயர்ந்த தாங்கி முன்கூட்டியே வடிவமைக்கப்பட்டிருந்தது. சிலையின் உயரம் 434 சென்ரிமீற்றர் எனக் கலைவரலாற்று நூல்கள் கூறின. அறிஞர் ஒருவர் எழுதியதை மற்றையோர் எடுத்தாள, அவ்வெண் நூலுக்கு நூல் வழங்கி வந்தது. சிலையின் முன் கருவி நிறுத்தப்பட்டபோதே உண்மை புலனாயிற்று. பீடம் நீங்கலாகச் சிலையின் உயரம் 517 சென்ரிமீற்றர்! தலை எட்டவில்லை; தாங்கியை அவசரமாக உயர்த்த நேர்ந்தது. உலகிலே மிகுதியாகப் பார்க்கப்பட்ட சிலைகளுள் ஒன்று அது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அண்ணாந்து நோக்கிச் சென்றனர். ஆயினும் நூலில் இருந்த எண்ணை மீண்டும் அளந்து பார்க்கவேண்டும் என எண்ணியோர் அரியர். அறிஞர் உரையும் ஒரு நாள் கோலெடுத்துச் சரிபார்க்கப்படல் வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பகலில் மக்கள் திரளுங் கலைக்கூடமாதலின் வருடல் இரவிலேயே நடந்தது. சிலையைக் கால் மில்லிமீற்றருக்குச் சற்றே கூடிய இடைவெளியில் அளந்தனர். 480 தனித்தனி வருடல்கள், 200 கோடிப் பலகோணங்கள், 7,000 நிறப்படங்கள் எனத் திரண்ட தரவு 32 கிகாபைற். உளியின் பல் பதித்த வரிகள்கூட அதிற் புலனாகும். அன்றைய கணனிகள் அத்தரவை ஒருங்கே திரையிற் காட்டவும் இயலாது திணறின; அதன் பொருட்டே புதிய முறைகள் வகுக்கப்பட்டன.

அத்துணை உழைப்பிற் பிறந்த உரு எவருக்கு உரியது? இத்தாலிய அதிகாரிகளோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அத்தரவு முழுமையாக யாவருக்கும் திறந்துவிடப்படவில்லை. ஆய்வுக்கென விண்ணப்பித்தோர்க்கே நிபந்தனைகளோடு வழங்கப்பட்டது. இவ்வெச்சரிக்கையிற் பொருள் உண்டு. 200 கோடிப் பலகோணங்கள் கையிலிருப்பின் எவரும் எந்தப் பருமனிலும் சிலையை வார்த்து விற்கலாம். மறுபுறம், ஒரே இடத்தில் அடைபட்ட பிரதி அவ்விடத்தோடு அழியவுங் கூடும். காப்போர்க்கும் கற்போர்க்கும் இடையிலுள்ள இவ்வழக்கு இன்னுந் தீர்ந்தபாடில்லை. சிறு நாடுகளின் தொல்பொருள்களைச் செல்வ நாடுகளின் நிறுவனங்கள் வந்து வருடிச் செல்கையில் இவ்வழக்கு மேலுங் கூர்மையடைகின்றது. கல் இருக்கும் இடத்திலேயே இருக்க, அதன் உரு மட்டும் கடல்கடந்து போய்விடலாம். சிலை களவுபோனால் வெற்றுப் பீடம் சான்று கூறும். உரு களவுபோனாற் சான்று கூற யாதும் இல்லை.

பாமியானின் கதை வேறு. ஆப்கானிஸ்தானின் பாமியான் பள்ளத்தாக்கில் மலைச்சுவரிற் குடையப்பட்டு ஆயிரத்துநானூறு ஆண்டுகளாக நின்ற இரு பெரும் புத்தர் சிலைகளும் 2001 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பெரியது ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையது. அதன்பின் சூரிச் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்மின் குருன், ஃபாபியோ ரெமொண்டினோ, லி சாங் ஆகியோர் பெரிய சிலையைக் கணனியில் மீட்டமைக்க முயன்றனர். வருட வேண்டிய பொருளே இல்லை. எஞ்சியவை படங்கள் மட்டுமே. இணையத்திற் கிடைத்தவை சில. சுற்றுலாப் பயணிகள் எடுத்தவை சில. எந்தக் கமரா, எந்த வில்லை, எவ்வளவு பெருப்பித்தது என்பது தெரியாத அப்படங்களிலிருந்து பருவரையான உருவே கிடைத்தது. நுட்பமான உருவைத் தந்தவை, ஒஸ்திரியாவின் கிராஸ் நகரைச் சேர்ந்த ரொபேட் கொஸ்கா என்பவர் 1970 இல் அளவைக் கமரா ஒன்றினால் எடுத்து வைத்திருந்த மிகச் சில படங்களே. அவரது கமராவின் அளவுகள் யாவும் அறியப்பட்டிருந்தமையே காரணம். அங்கும் கணனி தானே புள்ளிகளைப் பொருத்தியபோது புத்தரின் சீவர ஆடையின் மெல்லிய மடிப்புகள் அழிந்து வழவழத்துப் போயின. மடிப்பு மடிப்பாக மனிதக் கண்ணாற் பார்த்துக் கையால் அளந்த பின்னரே ஆடை ஆடையாயிற்று.

மணிமேகலையில் அறவணவடிகள் உரைக்கும் பௌத்த தருக்கம், அளவை காட்சியும் கருதலும் ஆகிய இரண்டே எனக் கொண்டு ஏனையவற்றைக் கருதலுள் அடக்கும். பாமியான் புத்தரின் உரு இன்று அவ்விரண்டினாலுமே நிற்கின்றது. 1970 இல் ஒருவர் கண்ட காட்சி; முப்பதாண்டுகளின் பின் மூவர் செய்த கருதல். ஆயிரக்கணக்கான பயணிகள் அச்சிலையின் முன் நின்று தம்மைப் படமெடுத்துக் கொண்டனர். அவர்களின் அன்பிற் குறையில்லை. ஆயினும் அன்போடு எடுத்த ஆயிரம் படங்களால் ஆகாதது, அளவோடு எடுத்த ஒருசில படங்களால் ஆயிற்று. இது சற்றே கசப்பான உண்மை. நினைவு வேறு, பதிவு வேறு.

பாரிஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயம் இக்கதையின் மறுபக்கம். அமெரிக்கக் கலைவரலாற்றுப் பேராசிரியர் அன்ட்ரூ ராலன் 2010 இல் அங்கு ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் லேசர் வருடியை நிறுத்தி நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைத் திரட்டினார். இடைக்காலக் கட்டடக் கலைஞர் எவ்வாறு சிந்தித்தனர், எங்கே தடுமாறினர் என அறிவதே அவர் நோக்கம். தூண்கள் நேர்கோட்டினின்றும் விலகிய இடங்களைக் கொண்டு கட்டட வேலை நின்றதும் தொடர்ந்ததுமான வரலாற்றை அவர் வாசித்தார். 2018 நவம்பரில் அவர் காலமானார். 2019 ஏப்பிரல் 15 ஆம் நாள் பேராலயத்தின் கூரை எரிந்து, கூர்ங்கோபுரம் சரிந்தது. எரிந்த ஓக்குமரக் கூரைச் சட்டகத்தை இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் 2014 இலேயே நேரில் அளந்து வரைந்திருந்தனர். இப்பதிவுகளும் பழைய வரைபடங்களும் தச்சர், கல்தச்சர் ஆகியோரின் கைத்திறனும் கூடவே 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டுந் திறந்தது. கணனி உரு எந்த மரத்தையும் செதுக்கவில்லை. எங்கே எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதற்குச் சான்றாக நின்றது. அச்சான்றைத் திரட்டியவர்களுள் ஒருவர் அதன் பயனைக் காண உயிரோடில்லை.

இவ்வளவுங் கூறியபின் இவ்வுருக்களின் ஆயுளையுங் கூறாது விடுதல் நேர்மையன்று. மெய்டன்பவரின் காலத்துக் கண்ணாடித் தகட்டை வெயிலுக்கு நேரே பிடித்தால் இன்றும் கட்டடம் தெரியும். கணனித் தரவு அவ்வாறன்று. அதனை வாசிக்கும் இயந்திரமும் நிரலும் மறைந்தால் எண்கள் இருந்தும் உரு இல்லை. ஓலைச்சுவடி செல்லரிக்குமுன் மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதியே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர். கணனி உருவையும் பத்தாண்டுக்கொரு தடவையேனும் புதிய வடிவத்துக்கும் புதிய கலத்துக்கும் பெயர்த்து வைத்தல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் வேண்டும். எவர், என்று, எந்தக் கருவியால், எவ்வளவு நுட்பத்தில் அளந்தார் என்னும் குறிப்பை உடன் வைத்தல் வேண்டும். பெயர்த்தெழுதுவோர் அற்றுப்போன சுவடிக்கு நேர்ந்தது இதற்கும் நேரும்.

உரு உயிர்த்தன்மையையும் முற்றாகக் கொள்ளாது. கல்லின் குளிர்ச்சி, எண்ணெய் ஊறிய கருமை, பல தலைமுறைகள் தொட்டு வணங்கித் தேய்ந்த பாதத்தின் வழவழப்பு ஆகியவற்றுள் வடிவம் மட்டுமே புள்ளிகளாகும். பாதம் எத்தனை மில்லிமீற்றர் தேய்ந்தது என்பதைக் கருவி கூறும். தொட்டவர் எவர், எதற்காகத் தொட்டனர் என்பதைக் கூறாது. அதனைக் கூற வல்லோர் அப்பொருளோடு வாழ்ந்த மக்களே. ஆதலின் வருடியோடு செல்பவர் ஒரு குறிப்பேட்டோடுஞ் செல்லுதல் நன்று. புள்ளிகளுக்குப் பக்கத்தில் உரையும் இருக்கட்டும். அவ்வுரையும் ஒருநாள் சரிபார்க்கப்படட்டும்.

வெற்ஸ்லாரிற் சாளர வளைவைப் பற்றித் தொங்கிய இளைஞர், கட்டடம் வீழுமென அஞ்சி அதனை அளக்கவில்லை. தாம் வீழ்ந்துவிடுவோமென்றே அஞ்சினார். கொஸ்கா வெடிமருந்தையும், ராலன் தீயையும் எதிர்பார்த்தார் அல்லர். நின்ற பொருளை நின்ற காலத்திலே பொறுமையோடு அளந்தனர். இன்று அதற்கு வேண்டிய கருவி பல்கலைக்கழக மாணவர் பலரின் சட்டைப்பையிலேயே இருக்கின்றது. மப்பான ஒரு பகற்பொழுதும், ஓர் அடிமட்டமும், பொருளைச் சுற்றி வரச் சில நிமிடங்களும் இருந்தாற் போதும்.